இன்னொரு தபா பாருங்க, டாக்டர்!

மூன்று வருடத்துக்கு முந்தைய கார்த்திகை மாதம். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த லாரி வரிசையில் என் ட்ரெய்லரும் நின்றிருந்தது. காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அப்போதுதான் என் மாமியார் போன் செய்தார்கள். ஏழு மாத கர்ப்பிணியாக இருந்த என் மனைவிக்குத் திடீரென்று வலிப்பு வந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்களாம். எனக்குப் பின்னால் நின்ற வண்டியின் டிரைவர் தெரிந்தவர். என் முகத்தைப் பார்த்தவுடனே கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார். "நீ கெளம்பு நைனா. வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்து பெண் குழந்தை பிறந்திருந்தது. இரத்த அழுத்தம் ஏறியதால் வந்த வலிப்பு என்றார்கள். மனைவிக்கு நினைவு திரும்பவில்லை. நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்ததால் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசம் வைத்திருந்தார்கள். குழந்தை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். தோலுக்கு அடியில் நரம்பெல்லாம் நீலமாகத் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அவளைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. பயம்தான் வந்தது.

என் அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மாமியார், மகள் படுத்திருந்த தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலை விட்டு நகர மறுத்துவிட்டார்கள். கையில் ஜெபமாலையோடு அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் அதே வளாகத்தின் இன்னொரு கட்டடத்தில் இருந்த குழந்தை, முழுக்க முழுக்க என் பொறுப்பாகிவிட்டது.

சில நாட்களில் குழந்தைக்கு ஆக்சிஜன் தேவைப்படவில்லை. பச்சிளங்குழந்தைகள் வார்டின் தலைமை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "இந்த மாதிரி குழந்தைங்கள கங்காரு மாதிரி நெஞ்சோட நெஞ்சா வச்சுக்கணும்பா. அம்மாவால இப்ப முடியாது. நீங்க வச்சுக்கிறீங்களா?"

நான் என் கைகளைப் பார்த்தேன். கிரீஸ் ஏறிய நகங்கள். கன்டெய்னரை வண்டியோடு பூட்டுகிற இரும்புக் கொக்கிகளைத் திருகித் திருகிக் காய்த்துப்போன உள்ளங்கை. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் "வேற யார் இருக்கா?" என்று சிஸ்டரே கேட்டுவிட்டார். குளித்து, நகம் வெட்டி, சோப்பு போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு போய் நின்றேன்.

வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தாய். நடுவில் நான் ஒருத்தன் மட்டும் ஆம்பிளை. சிஸ்டர் எனக்காக ஒரு பச்சைத் துணித் திரையை இழுத்துவிட்டார். அப்போதும் எனக்கு உடம்பு கூசியது. பக்கத்து நாற்காலியில் நெட்டுக்குப்பத்திலிருந்து வந்த ஒரு அம்மா. கணவர் கடலுக்குப் போகிறவர். அவருடைய மகனும் குறைமாதத்தில் பிறந்தவன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாகவே கேட்டார்.

"இன்னா அண்ணாத்த, இப்டி கூச்சப்பட்டுகினு கீற? ஆம்பள நெஞ்சு, பொம்பள நெஞ்சுன்னு அதுக்கு இன்னா தெரியும்? சூடா கீதா, அவ்ளோதான்!"

வார்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிஸ்டர் குழந்தையை என் மார்பில் வைத்து, துணியால் சுற்றிக் கட்டினார். அவள் ஒரு தடவை முனகிவிட்டு, என் நெஞ்சு முடியைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அதிலிருந்து தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் என் வேலை. வண்டி முதலாளி போன் செய்து கேட்டபோது, வேறு டிரைவரைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். குழந்தைக்கு வாய் வழியாக மெல்லிய குழாய் போட்டிருந்தார்கள். மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கியிலிருந்து பால் வரும். அந்த நெட்டுக்குப்பத்து அம்மாவைப் போன்றவர்கள் தங்கள் பிள்ளைக்குப் போக மிச்சத்தைக் கொடுப்பார்கள். அதைச் சுத்திகரித்து மற்ற குழந்தைகளுக்குத் தருவார்கள். யாரோ ஒரு தாயின் பால் என் மகளின் வயிற்றில் இறங்குவதை நான் ஊசிக்குழலில் பார்த்துக்கொண்டிருப்பேன். பால் இறங்கியதும் அவள் வயிறு என் வயிற்றின் மேல் மெத்தென்று உப்பும். கொஞ்ச நேரத்தில் இரண்டு விக்கல். அப்புறம் கால் கட்டைவிரலால் என்னை ஒரு கீறு. இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

பத்து நாள் போலக் கழிந்திருக்கும். ஒரு காலையில் அவளை மார்பில் வைத்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. கீறவில்லை. என் நெஞ்சு முடியைப் பிடிக்கவும் இல்லை. துணியைப் போட்டமாதிரி கிடந்தாள். வயிறு வழக்கம்போல மெத்தென்று இல்லாமல் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. டியூட்டியில் இருந்த இளம் டாக்டரிடம் சொன்னேன். அவர் அலட்சியப்படுத்தவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அந்த வேளைப் பாலை நிறுத்தினார், எக்ஸ்ரே எடுத்தார், இரத்தமும் எடுத்து அனுப்பினார்.

மதியம் ரிப்போர்ட் வந்தது. "சி.ஆர்.பி. நார்மலா இருக்கு. எக்ஸ்ரேலயும் பெருசா ஒண்ணும் தெரியல. பயப்படாதீங்க" என்றார்.

சி.ஆர்.பி. என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. நார்மல் என்பது மட்டும் புரிந்தது. அது போதுமே. ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னேன். அவர்கள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் கேன்டீனில் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

திரும்பி வந்து குழந்தையை மறுபடி மார்பில் வாங்கினேன். காலையில் விறைப்பாக இருந்த வயிறு இப்போது கெட்டியாக இருந்தது. மூச்சு விடுவாள், நிறுத்துவாள்; நான் என் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்; மறுபடி விடுவாள். உதட்டோரம் நிறம் சாம்பலாகத் தெரிந்தது. அதே நேரம் சிஸ்டர் பால் நிரப்பிய ஊசிக்குழலோடு வந்தார். ரிப்போர்ட் நார்மல் என்பதால் மறுபடி கொஞ்சமாக ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார்கள்.

"பால் வேணாம் சிஸ்டர்" என்றேன்.

"ரிப்போர்ட் நல்லாதானே வந்திருக்குப்பா?"

"வந்துச்சு சிஸ்டர். அது காலைல எடுத்த ரத்தம்தான? இப்போ வவுறு கல்லு மாதிரி கீது. டாக்டர இன்னொரு தபா பாக்கச் சொல்லுங்க."

இளம் டாக்டர் வார்டின் அந்தக் கோடியில், அப்போதுதான் ஆம்புலன்ஸில் வந்திறங்கிய ஒரு குழந்தைக்கு மூச்சுக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்க முடியாத வேலை. "ஒரு பத்து நிமிஷம் பொறுங்க, வந்துடறேன்" என்று குரல் மட்டும் வந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்குப் பொறுக்க முடியவில்லை. ஆம்பிளையான என்னை உள்ளே விட்டதே பெரிய விஷயம், ரொம்பப் பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று ஒரு பக்கம் பயம். என் மார்பில் இருக்கிற இந்த உடம்பு சொல்வதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள் என்று இன்னொரு பக்கம். எழுந்து நின்றுவிட்டேன்.

"சிஸ்டர், கால்ல உழறேன். பால் குடுக்காதீங்க. பெரிய டாக்டரக் கூப்புடுங்க. நார்மல்னு மறுபடி சொன்னாங்கன்னா நான் வாயத் தொறக்கமாட்டேன்."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. "அண்ணாத்த சும்மா சொல்லாது சிஸ்டர். பகல் பூரா அத்த மார்லயே போட்டுகினு கீது. அதுக்குத் தெரியாதா?"

சிஸ்டர் என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பால் ஊசிக்குழலைக் கீழே வைத்துவிட்டு, காலி ஊசிக்குழல் ஒன்றைக் குழாயில் பொருத்தி மெதுவாக இழுத்தார். பாலுக்குப் பதிலாகப் பச்சையாகப் பித்தநீர் வந்தது. சிஸ்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அடுத்த நொடி குழந்தை என் மார்பில் இல்லை. போன் பறந்தது.

பெரிய டாக்டர் அம்மா வேகமாக வந்தார். வந்ததும் குழந்தையைச் சோதித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "காலைக்கும் இப்பவுக்கும் என்ன வித்தியாசம்? உங்களுக்குத் தோணினத எல்லாம் சொல்லுங்க" என்றார். சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். மறுபடி இரத்தம், மறுபடி எக்ஸ்ரே. சாயங்காலத்துக்குள் விடை வந்துவிட்டது. சி.ஆர்.பி. எகிறியிருந்தது. எக்ஸ்ரேயில் குடலின் சுவருக்குள்ளேயே காற்று புகுந்திருந்தது.

டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். குறைமாதக் குழந்தைகளுக்குச் சில சமயம் குடலில் கடுமையான அழற்சி வரும். முற்றினால் குடல் அழுகி ஓட்டை விழும். அப்படி ஆனால் ஆபரேஷன்தான். ஆபரேஷன் செய்தும் பிழைக்காத குழந்தைகள் உண்டு. எதையும் மறைக்காமல் சொன்னார்.

"அப்ப காலைல எடுத்த டெஸ்ட்டு?" என்று கேட்டேன்.

"அது தப்பு இல்ல. உடம்புல எங்கயாவது அழற்சி வந்தா, கல்லீரல் ஒரு புரதத்தச் செஞ்சு இரத்தத்துல விடும். அதத்தான் நாங்க அளக்கறோம். ஆனா வியாதி ஆரம்பிச்ச உடனே அது ஏறாது. ஏற நேரம் பிடிக்கும். காலைல வியாதி இருந்திருக்கு, நம்பர் இன்னும் வந்து சேரல. அதனாலதான் ஒரு டெஸ்ட்ட மட்டும் நம்பாம திரும்பத் திரும்ப எடுக்கறோம். நாளைக்குக் காலைல எப்படியும் எடுத்திருப்போம். ஆனா அதுக்குள்ள ரெண்டு மூணு தடவ பால் உள்ள போயிருக்கும்." பிறகு, "நீங்க நிறுத்தினது நல்லதாப் போச்சு" என்றார்.

பால் முழுவதும் நிறுத்தப்பட்டது. நரம்பு வழியாகச் சத்து, வீரியமான மருந்துகள், மூச்சுக்கு மெஷின். குழந்தை அறுவை சிகிச்சை டாக்டர்கள் தினமும் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அவளை மார்பில் வாங்க முடியாமல் போய்விட்டது. பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரலை மட்டும் அவள் காலடியில் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். வைத்துக்கொண்டு நின்றேன். தினமும் காலையில் டாக்டர் அம்மா வரும்போது என் கேள்வி ஒன்றுதான்: "இன்னிக்கு நம்பர் எவ்ளோ டாக்டர்?" ஏறியிருக்கு என்பார். மறுநாள், இன்னும் ஏறியிருக்கு. அப்புறம், அங்கேயே நிக்குது.

இதற்கு நடுவில் என் மனைவி கண் விழித்தாள். செயற்கை சுவாசக் குழாயை எடுத்துவிட்டார்கள். தொண்டை கரகரத்துக் குரலே இல்லை. குழந்தை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லும்படி மாமியார் என்னிடம் கெஞ்சினார்கள். "இப்பதான் உயிரு திரும்பி வந்து கீது. இதையும் சொல்லி அவள ஒரேடியா அனுப்பிடாத" என்றார்கள்.

சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா பால் குடிக்குதா?" என்பதுதான். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. குடலில் வியாதி, பாலை நிறுத்தியிருக்கிறார்கள், ஆபரேஷன் ஆனாலும் ஆகலாம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

மனைவி அழவில்லை. "மறுபடி ஆரம்பிக்கும்போது எந்தப் பால் குடுப்பாங்க?" என்றாள்.

"தாய்ப்பால்தான் நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்க. பாங்குல வாங்கிக்கலாம்."

"எம் பால் இன்னா ஆச்சு?"

அவள் கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள். இத்தனை நாள் சுரக்காமல் வற்றிப்போயிருக்கும், மறுபடி வருவது கஷ்டம் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். "வரலன்னா வரல. பாக்கலாம்" என்றாள் என் மனைவி. நர்ஸ் உதவியோடு முயற்சி செய்தார்கள். முதல் நாள் ஒன்றுமே இல்லை. அடுத்த நாளும் இல்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, சில மணிக்கொரு தரம் விடாமல் செய்தாள். மாமியார் கோபமெல்லாம் மறந்து, வெந்நீர்த் துணி ஒற்றிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு சின்னக் கிண்ணத்தின் அடியில் ஈரம் படிந்த மாதிரி கொஞ்சம் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு, ஒரு கையால் மூடிப்பிடித்தபடி, மழைத்தண்ணீர் தேங்கிய வளாகத்தைக் கடந்து நடந்தேன். நாற்பதடி ட்ரெய்லரைச் சந்தில் திருப்பும்போதுகூட நான் அவ்வளவு மெதுவாகப் போனதில்லை. என் மனைவி சாப்பிடுகிற மருந்துகளை எல்லாம் டாக்டர் அம்மா விசாரித்தார். குழந்தைக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் சிஸ்டரிடம் தலையசைத்தார். சிஸ்டர் ஒரு பஞ்சுக் குச்சியில் அந்த ஈரத்தை ஒற்றி, குழந்தையின் கன்னத்துக்குள் தடவினார். வயிற்றுக்குள் பால் போகக்கூடாது, ஆனால் வாய்க்குள் இந்த அளவு தடவலாம், நல்லதுதான் என்றார். குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டியது. ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

மறுநாள் டாக்டர் அம்மா வரும்போதே, "நம்பர் இறங்கியிருக்கு" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வயிறு பெரிதாகத்தானே இருந்தது? "டாக்டர், இன்னொரு தபா பாருங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நாளைக்கும் பாப்போம், அதுக்கு மறுநாளும் பாப்போம். அன்னிக்கு வயிறு முன்னாடி சொல்லுச்சு, நம்பர் பின்னாடி வந்துச்சு. இன்னிக்கு நம்பர் முன்னாடி சொல்லுது, வயிறு பின்னாடி வரும். கொஞ்சம் பொறுங்க."

அப்படியேதான் நடந்தது. அடுத்தடுத்த நாட்களில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. வயிறும் மெல்லத் தளர்ந்தது. குழாயில் வந்த பச்சை நிறம் நின்றது. ஒருநாள் அறுவை சிகிச்சை டாக்டர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "நாங்க இனிமே வர வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைவிட நல்ல வார்த்தையை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

மறுபடி பால் ஆரம்பித்தபோது சொட்டுக் கணக்குத்தான். அதற்குள் என் மனைவிக்கு ஓரளவு பால் சுரக்க ஆரம்பித்திருந்தது. போதாததை வங்கியிலிருந்து வாங்கிக்கொண்டோம். நெட்டுக்குப்பத்து அம்மா தன் மகனோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். ஆனாலும் குழந்தையைச் செக்கப்புக்குக் கொண்டுவரும் நாளெல்லாம் பால் கொடுத்துவிட்டுத்தான் போவார். என் மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வார்டுக்கு வந்த அன்று அவரும் அங்கிருந்தார். குழந்தையை முதன்முதலாக அம்மாவின் மார்பில் வைத்தபோது, "தங்கச்சி, கொஞ்ச நாள் உன் வூட்டுக்காரர் மேல தூங்கிப் பழகிட்ச்சு. முடி இல்லன்னு அயுவப் போவுது பாரு!" என்றார். தையல் வலிக்க வலிக்க என் மனைவி சிரித்தாள்.

வீட்டுக்குப் புறப்படும் நாளில் டாக்டர் அம்மா ஒரு உதவி கேட்டார். குடலில் அழற்சி வரும்போது இன்னொரு புரதம் மலத்தில் கலந்து வருமாம். வியாதி வரப்போவதை இரத்தத்தைவிடச் சீக்கிரமாக அது காட்டிக்கொடுக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். உறுதியாகச் சொல்கிற அளவுக்கு இன்னும் வரவில்லையாம். அதற்காகக் குழந்தையின் துணியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா, விருப்பம் இல்லையென்றால் வேண்டாம் என்றார். "பீய எடுத்துகினு போயி இன்னா பண்ணப் போறாங்களாம்?" என்று மாமியார் முகத்தைச் சுளித்தார்கள். நான் சந்தோஷமாகச் சம்மதித்தேன். அடுத்த தடவை இந்த மாதிரி ஒரு குழந்தைக்கு, பக்கத்தில் சத்தம் போட ஆளே இல்லாமல் போனால்? அதற்காகவாவது அந்த டெஸ்ட் சீக்கிரம் வரட்டும்.

இன்று என் மகள் அங்கன்வாடிக்குப் போகிறாள். வயதுக்குக் கொஞ்சம் சின்ன உருவம்தான். ஆனால் எர்ணாவூரில் எங்கள் தெருவிலேயே சத்தம் அவளுடையதுதான். நெத்திலி வறுவல் என்றால் தட்டைக் கழுவ வேண்டியதில்லை. அவள் சாப்பிட்டு முடித்துவிட்டு என் மேல் சாய்ந்து தூங்கும்போதெல்லாம், என்னை அறியாமல் என் கை அவள் வயிற்றுக்குப் போய், மெத்தென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. அந்த மருத்துவமனையையும் அங்கே வருகிற ரிப்போர்ட்டுகளையும் நான் இன்றைக்கும் முழுசாக நம்புகிறேன். ஆனால் பேசத் தெரியாத ஒரு உயிரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன், அது படிக்காத லாரி டிரைவராகவே இருந்தாலும், தன் கைக்குத் தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படக் கூடாது என்பதை என் மகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.